பி.ஏ. பட்டமும் வங்கிக் கடனும்

சென்ற ஆண்டு ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், ஸ்ரீவராகம் குளக்கரையை அடுத்த நம் இல்லத்திற்குத் தமக்கையார் ஒரு காகிதக் கட்டுடன் வந்து சேர்ந்தார். அவர் கணவர் சாலைக் கடைத்தெருவில் கணக்கெழுதி வந்தவர்; காலமாகி மூன்றாண்டுகள் ஆயின. மகளுக்கு வெளியூர்த் தனியார் கல்லூரி ஒன்றில் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்க இடம் கிடைத்திருந்தது. ஆண்டிற்கு 1,20,000 ரூபாய். வங்கி கடன் தரும். "தம்பி, இணைக்கடனாளி என்ற இடத்தில் உன் கையெழுத்துத்தான் வேண்டும்" என்றார்.

நாம் மெட்ரிகுலேஷனோடு படிப்பை நிறுத்தி, இரயில்வேயில் கடைநிலைப் பணியில் சேர்ந்து, துறைத்தேர்வு எழுதிக் குமாஸ்தாவானோம். ஆதலின் பட்டப்படிப்பைப் பற்றிப் பேசும் தகுதி நமக்குண்டா என்று அன்பர்கள் வினவலாம். கணக்கு எழுதத் தெரியும் என்பதே நம் விடை. நம்மைப் போலப் பிழைப்பிற்காக இவ்வூருக்கு வந்த குடும்பங்கள் பலவற்றில் இதே காகிதக் கட்டு இன்று இருக்கக்கூடும். அதனாலேயே இதை எழுதத் துணிந்தோம்.

முதலில் வட்டி. "படிக்கும் காலத்தில் கட்ட வேண்டியதில்லை" என்று சொல்லக் கேட்டுப் பலர் அக்காலத்திற்கு வட்டியே இல்லை என எண்ணிவிடுகின்றனர். கட்ட வேண்டியதில்லை என்பது உண்மை. ஏறாது என்பது உண்மையன்று. வட்டி நூற்றுக்குப் பத்து என்று கொள்வோம். மூன்றாண்டுப் படிப்பும், முடிந்தபின் ஓராண்டு அவகாசமும் சேர்ந்து நான்காண்டுகள். முதலாண்டு வாங்கிய 1,20,000-க்கு நான்காண்டு வட்டி 48,000, இரண்டாம் ஆண்டுத் தொகைக்கு 36,000, மூன்றாவதற்கு 24,000. ஆக, 3,60,000 வாங்கிய பெண் முதல் தவணை கட்டத் தொடங்கும் நாளில் 4,68,000 கடன்காரியாக நிற்கிறாள். இதைப் பத்தாண்டுகளில் அடைப்பதானால் மாதத் தவணை ஏறத்தாழ 6,185 ரூபாய். கடைசித் தவணை தீரும்போது கட்டிய மொத்தம் 7,42,000-ஐத் தாண்டிவிடும். இக்கணக்கை நாம் மூன்று முறை போட்டுப் பார்த்தோம். தமக்கையார் ஒரு முறைதான் கேட்டார், பிறகு காப்பி போட உள்ளே போய்விட்டார்.

இனி வரவு. கலைப்பட்டத்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு நாம் அறிந்த உத்தியோகத்தையே எடுத்துக்கொள்வோம். இரயில்வே தேர்வு வாரியம் 2024-இல் வெளியிட்ட விளம்பரத்தில், பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்க்கான இளநிலை எழுத்தர் பதவிக்கு அடிப்படைச் சம்பளம் 19,900. பட்டதாரிகளுக்கான முதுநிலை எழுத்தர் பதவிக்கு 29,200. வித்தியாசம் மாதம் 9,300. பட்டத்தின் விலை இதுவென்று கொண்டால், கடன் தவணை அதில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடுகிறது. தனியார் அலுவலகத்தில் மாதம் 15,000-க்குச் சேர்ந்தாலோ, தவணை போக வாடகைக்கும் சோற்றுக்கும் மிஞ்சுவது 9,000-க்கும் குறைவு.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. படிப்பளவில் அவ்விளம்பரம் கேட்பது அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் மட்டுமே. வரலாறா, இலக்கியமா, எந்தக் கல்லூரி என்று அது கேட்பதில்லை. எனவே தைக்காட்டு அரசுக் கலைக்கல்லூரியிலோ, வழுதக்காட்டு மகளிர் கல்லூரியிலோ, பாளையத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியிலோ சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் பெற்ற பட்டமும் அங்கே அதே மதிப்புடையது. அந்த 9,300-உம் முழுமையாகக் கைக்கு வரும். ஆயினும் வாசகர்களை மயக்க நாம் விரும்பவில்லை. அந்தப் பட்டதாரிப் பதவிகள் 8,113. விண்ணப்பித்தவர் 58 லட்சத்துக்கும் மேல். ஓர் இடத்திற்கு எழுநூறு பேருக்குக் குறையாது!

நிற்க. அரசுதவி இல்லாமலில்லை. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமித் திட்டத்தில், தரவரிசையில் உள்ள கல்வி நிலையங்களில் சேர்வோருக்கு ஈடும் ஜாமீனும் இன்றிக் கடன் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்திற்குள் இருந்தால், பிற வட்டிச் சலுகை பெறாதவர்க்கு, 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடிக்கும் வழியுண்டு. மருமகளுக்கு இடம் தந்த கல்லூரி அப்பட்டியலில் இல்லை. தமிழகத்தின் புதுமைப்பெண் திட்டம் மாதம் 1,000 ரூபாய் அளிக்கிறது. ஆனால் அது அங்குள்ள பள்ளிகளில் படித்த பெண்களுக்கே. எல்லை தாண்டி வந்த நம் குழந்தைகள் அங்குமில்லை.

அமெரிக்காவில் சமூகக் கல்லூரி என்றோர் ஏற்பாடு உண்டு. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட்டில் தொடங்கிய கல்லூரி அவ்வகையில் மூத்தது. வீட்டிலிருந்தபடியே இரண்டாண்டு குறைந்த செலவில் படித்து, பின்னர் பல்கலைக்கழகத்திற்கு மாறிக்கொள்வர். இருந்தும் அந்நாட்டு மாணவர் அரசுக்குச் செலுத்த வேண்டிய கடன் 1.6 லட்சம் கோடி டாலரைத் தாண்டியிருக்கிறது. செல்வ நாட்டின் கதையே இதுவானால்!

இவ்வளவையும் மருமகளிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டினோம். அவள் நிதானமாகப் படித்துவிட்டு, "மாமா, எல்லாம் சரிதான். எனக்கு எது பிடிக்கும் என்பதற்கு இதில் ஒரு பத்தி இல்லையே" என்றாள். நம்மிடம் விடையில்லை. இதே நகரில் தத்துவப் பேராசிரியராய் இருந்து, 1891-இல் 'மனோன்மணீயம்' தந்த சுந்தரம் பிள்ளையவர்களும் இக்காலத்தில் நம்மிடம் வந்திருந்தால், தத்துவம் வேண்டாம் என்றுதானே கணக்குப் போட்டிருப்போம் என்று தோன்றியது.

கையெழுத்திட மறுக்கவுமில்லை, இடவுமில்லை. அரசுக் கல்லூரி ஒதுக்கீட்டுப் பட்டியல் வரும்வரை பொறுப்போம் என்றோம். இரண்டாம் பட்டியலில் அவளுக்கு இடம் வந்தது. ஆங்கிலம் அன்று, வரலாறு. 2024 முதல் கேரளத்தில் நான்காண்டுப் பட்டப்படிப்பு நடைமுறையாயினும், மூன்றாம் ஆண்டோடு பட்டம் பெற்று வெளியேறலாம் என்பதால் அந்தக் கவலையில்லை. தினமும் கிழக்குக் கோட்டையில் பஸ் பிடித்துச் சலுகைச் சீட்டில் போய்வருகிறாள். வங்கிக் காகிதங்கள் நம் மேசை இழுப்பறையிலேயே கிடக்கின்றன. நூலகத்திலிருந்து அவள் எடுத்து வருவன பெரும்பாலும் ஆங்கில நாவல்கள் என்று தமக்கையார் சொல்கிறார். நம்மிடம் அவள் அதைப் பற்றிப் பேசுவதில்லை.