தெளிந்த நீரில் ஒளிந்த விஷம்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவர்களில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-ஆம் ஆண்டிலும் 921-ஆம் ஆண்டிலும் பொறிக்கப்பெற்ற சாசனங்களைக் குடவோலைத் தேர்தலின் பொருட்டு ஊரார் அனைவரும் அறிவர். ஆயினும், அவ்வாறு தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியங்களுள் ஏரி வாரியம் என்று ஒன்று நீரைப் பேணுவதற்கென்றே இருந்தது என்பதை நினைவில் வைத்திருப்போர் சிலரே. அத்தகைய ஊரில், கூடத்து மேஜைமேல் இரண்டு குடம் நீர் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில், ஆசையாய் வாங்கி வந்த தங்கமீன்கள் ஒரு வாரத்திற்குள் செத்து மிதப்பதையும், ராசியில்லாத தொட்டி என்று அதைக் கொல்லையில் கவிழ்த்து வைப்பதையும் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். குற்றம் ராசியினுடையதன்று, அம்மோனியாவினுடையது.

விஷம் பிறக்கும் விதம்

மீன், தான் உண்ட புரதத்தின் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியே அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாது எஞ்சிய இரையும் அழுகி அதையே தருகிறது. ஏரியில் இது பெருந்தீங்கு செய்வதில்லை. ஏனெனில், நீரின் பரப்பு பெரிது என்பதோடு, அங்கே சேற்றிலும் கல்லிலும் குடியிருக்கும் சூக்ஷ்ம ஜீவராசிகளுள் ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை அத்துணைக் கொடுமையற்ற நைட்ரேட்டாகவும் மாற்றிவிட, அதைப் பாசிகள் உண்டு வளர்கின்றன. புதுத் தொட்டியிலோ இந்த ஏரி வாரியம் இன்னும் கூடவில்லை. அது கூடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அம்மோனியாவுக்கு நிறமில்லையாதலால், பளிங்குபோல் தெளிந்த நீரே கொல்லும் நீராகவும் இருக்கக்கூடும்.

நீரின் காரத்தன்மையும் கவனிக்கத்தக்கது. பி.எச். அளவு 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் விஷ வடிவம் ஏறத்தாழப் பத்து மடங்காகிறது. வெப்பமும் அதைக் கூட்டுவதால், சித்திரை வெயிலில் ஆபத்து மிகுதி. சென்னைக் கொளத்தூரிலிருந்து பஸ்ஸில் பல மணி நேரம் பையில் வந்த மீன், தன் மூச்சுக்காற்றினால் அந்நீரை அமிலமாக்கி, அம்மோனியாவின் கொடுமையை அடக்கி வைத்திருக்கிறது. கார நீர் கலந்த மாத்திரத்தில் அது விஷமாக மாறும். எனவே மீனை மட்டும் வலையால் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீரைக் கொட்டிவிடுங்கள்.

அறிகுறிகள்

மீன் மேற்பரப்பில் வாயைத் திறந்து திணறும், செவுள் சிவக்கும், துடுப்புகளை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடக்கும், இரையை வெறுக்கும். கடைகளில் விற்கும் சொட்டு மருந்துப் பரிசோதனையில் நீர் பச்சையாக மாறினால் அம்மோனியா உண்டு. மஞ்சளாகவே நின்றால் இல்லை.

செய்ய வேண்டுவன

மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை நீரை மாற்றுங்கள். ஊற்றும் நீர் குழாய் நீராயின், பிளீச்சிங் பவுடரின் குளோரின் நீங்க, அகன்ற பாத்திரத்தில் இரவு முழுதும் திறந்து வைத்திருங்கள். அளவு இறங்கும் வரை நாள்தோறும் இவ்வாறு செய்க. இரண்டு நாள் இரை வேண்டாம். பட்டினியால் சாகும் மீன் அபூர்வம், அன்பினால் சாகும் மீன் அனேகம். காற்றுக் குழாய் இரவும் பகலும் ஓடட்டும்.

பெரும்பாலோர் பிழை செய்வது இங்கேதான்: பயந்துபோய் வடிகட்டிப் பஞ்சு, கூழாங்கல் யாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவிவிடுகிறார்கள், உதவிக்கு வந்த சூக்ஷ்ம ஜீவராசிகள் அத்துடன் ஒழிகின்றன. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். பழகிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு கேட்டு வாங்கி வைப்பது, எந்த மருந்தினும் மேலான உபாயம்.

வளர்ப்பவர் நலம்

நீரை இறக்கக் குழாயை வாயால் உறிஞ்சும் வழக்கம் அருவருப்பானது மட்டுமன்று, அபாயகரமானதுமாகும். காயமுள்ள கையையும் தொட்டியில் இடாதீர்கள். தொட்டி நீரில் வாழும் ஒருவகைக் கிருமி அதன் வழியே புகுந்து, வாரக்கணக்கில் ஆறாத கட்டிகளை உண்டாக்கும். அப்படியொரு கட்டி எழும்பி மருத்துவரிடம் போக நேர்ந்தால், வீட்டில் மீன் வளர்ப்பதையும் மறவாமல் அவரிடம் சொல்லுங்கள்.