சுழலும் எஞ்சின் உயிர்க்காதது ஏன்?

மழைக்காலத்து விடியற்காலை ஒன்றை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். செம்பூரில் ஒரு குடியிருப்பு. இரவெல்லாம் பெய்த மழை சற்றே ஓய்ந்திருக்கிறது. ஊருக்குப் புறப்படும் பெரியவரை ரயிலேற்றிவிடக் காரை எடுக்க வேண்டும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் ‘கிர், கிர்’ என்று சுழல்கிறது, ஆனால் உயிர்க்கவில்லை. மீண்டும் திருப்புகிறார்கள்; மீண்டும் அதே ஓசை. பத்து முறை ஆனபின் அவ்வோசையும் தேய்ந்து, பாட்டரியும் அடங்கிவிடுகிறது. தொடக்கத்தில் வண்டிக்கு ஒரு குறை இருந்தது. இப்போது இரண்டு குறைகள்.

தாராவியிலும் மாதுங்காவிலும் உள்ள தமிழ் மெக்கானிக்குகளிடம் இதனைச் சொல்லும்போது, “செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை” என்போம். இச்சிறு வாக்கியத்திலேயே நோயின் பாதி விளக்கம் அடங்கியுள்ளது. செல்ஃப் எனப்படும் ஸ்டார்ட்டர் மோட்டார், பாட்டரியின் மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினைச் சுழற்றுவது. அது வழக்கமான வேகத்தில் சுழற்றுமாயின், பாட்டரியும் அதன் கம்பிகளும் ஸ்டார்ட்டரும் பெரும்பாலும் குற்றமற்றவை. மெல்ல முனகிச் சுழலுமாயின் பாட்டரி தளர்ந்துள்ளது என்று கொள்ளலாம். ஓசையே இல்லையெனில் அது வேறு வழக்கு. இம்மூன்றையும் வேறுபடுத்தி அறியாமல் பாட்டரியை மாற்றிப் பணத்தை இழந்தோர் பலர்.

இனி, சுழலும் எஞ்சின் உயிர்ப்பதற்கு வேண்டுவன யாவை? நம் வீட்டு அடுப்பே இதற்குத் தக்க உவமை. விறகு வேண்டும்; காற்று வேண்டும்; நெருப்பு வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் விறகின் இடத்தில் பெட்ரோலும், நெருப்பின் இடத்தில் ஸ்பார்க் பிளக்கின் பொறியும் உள்ளன. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் முழுதும் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று தேவை. பிஸ்டன் கீழிறங்கி இக்கலவையை உள்ளிழுக்கிறது. மேலேறி அதனை அழுத்துகிறது. அழுத்தம் மிகும் அந்நொடியில் பொறி விழுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. பின்னர்ப் புகை வெளியேறுகிறது. ஆகவே விறகு, காற்று, நெருப்பு என்னும் மூன்றனோடு, உரிய அழுத்தமும் உரிய காலமும் சேர வேண்டும். இவற்றுள் ஒன்று தவறினும் ஸ்டார்ட்டர் சுழற்றிக்கொண்டே இருக்கும். எஞ்சின் உயிர் பெறாது. சுழற்றுதல் என்பது அடுப்பை ஊதுவது போன்றது. விறகு இல்லாத அடுப்பை ஊதுவதால் பயன் என்ன?

1990-களின் தொடக்கத்தில், நாம் பள்ளியிற் படித்த நாட்களில், ஆன்டாப் ஹில்லிலிருந்து தாதர் ரயில் நிலையத்துக்குக் குடும்பத்தோடு ஒரு பியட் டாக்சியில் சென்றோம். குர்லாவில் பிரீமியர் நிறுவனம் தயாரித்த வண்டி அது. 1964-இல் பியட் 1100 டிலைட் என வெளிவந்து, 1974-இல் பிரீமியர் பத்மினி எனப் பெயர் பெற்று, பம்பாய் டாக்சியின் மறுபெயராகவே விளங்கியது. கிங்ஸ் சர்க்கிள் தாழ்ந்த பகுதியாதலால் அன்றும் அங்கே நீர் தேங்கியிருந்தது. நடுவழியில் எஞ்சின் நின்றது. தாராவியில் குடியிருந்த நெல்லைச் சீமைக்காரர் ஒருவர் அதன் ஓட்டுநர். அவர் ஒருமுறை செல்ஃப் அடித்தார், காது கொடுத்துக் கேட்டார், மறுமுறை அடிக்கவில்லை. இறங்கி, வழிப்போக்கர் இருவரின் துணையோடு வண்டியை மேட்டுக்குத் தள்ளினார். எம் தாயார் வண்டியைத் தவறவிடுவோமோ என்று கலங்கினார். “ஒண்ணுமில்லம்மா, நெருப்பு நனைஞ்சு போச்சு. துடைச்சாச் சரியாப் போகும்” என்றார் அவர். டிஸ்ட்ரிப்யூட்டரின் மூடியைக் கழற்றி, உட்புறத்தையும் பிளக் கம்பிகளையும் உலர்ந்த துணியால் துடைத்தார். அடுத்த முறை எஞ்சின் உயிர்த்தது, ரயிலையும் பிடித்துவிட்டோம்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. பாட்டரியின் 12 வோல்ட் மின்சாரத்தைக் காயில் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்துகிறது. டிஸ்ட்ரிப்யூட்டர் அதனை நான்கு பிளக்குகளுக்கும் முறை வைத்துப் பகிர்ந்தளிக்கிறது. மூடிக்குள் ஈரம் படிந்தால் அம்மின்சாரம் பிளக்கைச் சேராமல் ஈரத்தின் வழியே குறுக்கே கசிந்து போய்விடும். கோடையில் இதற்கு நேர்மாறான நோய் வரும். வெப்பத்தால் குழாயிலேயே பெட்ரோல் ஆவியாகி வழியை அடைக்கும். அப்போது பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணி சுற்றுவர். ஒரு பருவத்தில் உலர்ந்த துணி, மறு பருவத்தில் ஈரத்துணி. எது எப்போது என்றறிவதே தொழிலறிவு.

அந்த பத்மினி டாக்சிகளுள் இறுதியானது 2003 அக்டோபர் 29 அன்று பதிவாயிற்று. மும்பையில் டாக்சிகளுக்கு 20 ஆண்டே வயது வரம்பாதலால், 2023 அக்டோபர் 30 முதல் அவ்வினம் டாக்சி வரிசையினின்று மறைந்தது. ஆனால் அது கற்பித்த வழக்கம் மறையவில்லை. ‘துடைத்துவிட்டு மறுபடி அடித்துப் பார்’ என்னும் அவ்வழக்கத்தில்தான் இன்றைய ஆபத்து உள்ளது.

பழைய வண்டி நீரில் இறங்கியபோது முதலில் நனைந்தது நெருப்பு. பொறி அற்றதால் எஞ்சின் தானே நின்றது. நின்றதால் பெரும்பாலும் தப்பித்தது. இன்றைய கார்கள் பலவற்றில் டிஸ்ட்ரிப்யூட்டர் இல்லை. ஒவ்வொரு பிளக்குக்கும் மேலேயே ஒரு காயில், ஈரம் புகாதவாறு மூடப்பட்டுள்ளது. ஆகவே எஞ்சின் நீரிலும் ஓடிக்கொண்டே இருக்கும், காற்றுக் குழாய் நீரை உறிஞ்சும் வரை. அக்குழாயின் வாய் பல கார்களில் முன்புற விளக்குகளின் அருகே தாழ்ந்திருக்கிறது. காற்று அழுத்தத்துக்கு இணங்கும், நீர் இணங்காது. மேலேறும் பிஸ்டன் நீரின்மேல் மோதும்போது, அதனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் நின்றபின்பும் சிலிண்டரில் நீர் இருக்க, உரிமையாளர் செல்ஃப் அடிப்பாராயின், பிழைத்திருந்த எஞ்சினையும் தம் கையாலேயே முறித்தவராவார். எம் அண்டை வீட்டு நண்பர் ஒருவர் முழங்கால் அளவு நீரில் நின்ற காரை இவ்வாறே இருமுறை அடித்துப் பார்த்து, எஞ்சின் முழுவதையும் பிரித்துச் செப்பனிட நேர்ந்தது. இவ்வகைச் சேதத்துக்கு எஞ்சின் காப்பு எனத் தனியே தொகை செலுத்தியிருந்தாலன்றிப் பெரும்பாலான காப்பீடுகளில் ஈடு கிடைப்பது அரிது.

ஆதலின் முதல் விதி இது. நீரில் நின்ற கார் எனின் சாவியைத் தொடலாகாது. மேட்டுக்குத் தள்ளி, காற்று வடிகட்டியைத் திறந்து பார்க்க வேண்டும். அது நனைந்திருந்தால் மெக்கானிக் வந்து பிளக்குகளைக் கழற்றி நீரை வெளியேற்றும் வரை பொறுத்திருத்தலே கடமை. நீர் ஏறிக்கொண்டே இருந்தாலோ, காரை மறந்து வெளியேறிவிட வேண்டும். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான 2005 ஜூலை 26 அன்று, கதவும் கண்ணாடியும் திறவாத கார்களுக்குள் சிக்கி மாண்டவர்களும் உண்டு.

உலர்ந்த இடத்தில் நின்ற கார் உயிர்க்கவில்லை எனின், ஒருமுறைக்குப் பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், இடையே ஒரு நிமிடமேனும் ஓய்வு கொடுத்து, இரண்டு மூன்று முறையோடு நிறுத்துக. பின்னர்க் கண், செவி, மூக்கு ஆகிய மூன்றையும் பயன்படுத்துக.

முதலிற் கண். பெட்ரோல் உள்ளதா? முள் காட்டுவதை முழுதும் நம்ப வேண்டா. கேஸில் ஓடும் கார்கள் பல, பெட்ரோலில் உயிர்த்துப் பின்னரே கேஸுக்கு மாறுவன. கேஸ் இருக்கிறதே என்று பெட்ரோலை வற்றவிட்டால் காலையில் வண்டி எழாது. பெட்ரோலில் மூழ்கிக் குளிர்ந்திருக்க வேண்டிய பம்பும் கெடும். களவுத் தடுப்பு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், சாவியை வண்டி அடையாளம் காணவில்லை எனலாம். மாற்றுச் சாவியைப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அடுத்துச் செவி. செல்ஃப் அடிக்காமல் சாவியை ஒரு நிலை மட்டும் திருப்பினால், பல கார்களில் பின்னிருக்கையின் கீழிருந்து இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் எழும். அது பெட்ரோல் பம்பின் குரல். அக்குரல் வழக்கமாகக் கேட்டு, இன்று கேட்கவில்லையெனில் ஃபியூஸ், ரிலே, பம்பு ஆகியவற்றை முறையே ஐயுறலாம். வழக்கத்தைவிட இலேசாகவும் விரைவாகவும் எஞ்சின் சுழன்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். அதன்பின் செல்ஃப் அடிப்பது தகாது.

பின்னர் மூக்கு. பலமுறை அடித்தும் பெட்ரோல் வாடையே இல்லையெனில் விறகு வரவில்லை. வாடை மிகுந்திருந்தால் விறகு வந்து நெருப்பு வரவில்லை, அல்லது பிளக்குகள் பெட்ரோலில் நனைந்துவிட்டன. நனைந்தனவாயின் பத்து நிமிடம் பொறுத்து, ஆக்சிலேட்டரை முழுதும் மிதித்தபடி ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் எழும். வாடை வீசும்போது தீக்குச்சியோ பொறிச் சோதனையோ கூடவே கூடாது.

தள்ளினால் எழாதா என்று கேட்பர். தள்ளுதல் பாட்டரி தளர்ந்த வண்டிக்கு மருந்து. நன்றாகச் சுழலும் வண்டிக்குச் சுழற்சி குறையன்று. அதனைத் தள்ளினால் தள்ளுவோர்க்கு வியர்வையே மிச்சம். எரியாத பெட்ரோல் புகைக்குழாயிற் சேர்ந்து அங்குள்ள வடிகலனையும் கெடுக்கும்.

இவ்வளவும் பார்த்தபின் மெக்கானிக்கை அழைக்கும்போது, “வண்டி ஓடவில்லை” என்று மட்டும் கூறாமல், “செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பம்பு ஒலிக்கிறது, பெட்ரோல் வாடை வருகிறது” என்று கூறுவோமாயின், அவருக்குப் பாதி வேலையும் நமக்குப் பாதிச் செலவும் குறையும்.

கிங்ஸ் சர்க்கிளில் அன்று எம்மைக் காப்பாற்றியது துணி என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தோம். இப்போது நினைத்துப் பார்க்கையில், துணியை எடுக்குமுன் அவர் வேறொன்று செய்திருந்தார் என்பது விளங்குகிறது. ஒருமுறை அடித்து, காது கொடுத்துக் கேட்டு, சாவியினின்று கையை எடுத்துவிட்டார். பத்மினி போனபின்பும் நாம் கைக்கொள்ள வேண்டிய பாடம் அதுவே.