உற்றுப்பார்க்கும் கண்கள்



பிழைப்பின் நிமித்தம் நகரங்களில் வந்து குடியேறிய நம் குடும்பங்களில், பிள்ளைகள் அநேகர் வேதத்தை ஆங்கிலத்திலேயே வாசிக்கிறார்கள். அப்போஸ்தலர் 1:10-லும் யாக்கோபு 1:25-லும் இக்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் சில வழங்கும் ஒரு சொல் 'இன்டென்ட்லி'. அதன் பொருள் என்னவென்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன சொல்லுவீர்கள்?

மனதைச் சிதறவிடாமல் ஒன்றின்மேலேயே ஊன்றி என்பதே அதன் பொருள். பார்த்தல், கேட்டல், வாசித்தல் ஆகிய செயல்களோடு அது சேர்ந்து வரும். 'இன்டென்ஸ்லி' என்றால் தீவிரமாய். 'இன்டென்ஷனலி' என்றால் வேண்டுமென்றே. இம்மூன்றையும் குழப்பிக்கொள்ளலாகாது. 'நீட்டுதல்' என்னும் லத்தீன் வேரிலிருந்து பிறந்தது இச்சொல். உள்ளம் ஒன்றை நோக்கி நீண்டு நிற்கிறது!

அப்போஸ்தலர் 1:10-இன் கிரேக்க மூலத்திலுள்ள 'அடெனிஸோ' என்ற வினைச்சொல்லும் அப்படியே நீட்டுதல் என்னும் வேருடையது. புதிய ஏற்பாட்டில் அது 14 முறை வருகிறது. அவற்றில் 12 லூக்காவின் எழுத்துக்களில். நம் தமிழ் வேதம் அதைப் பல இடங்களில் 'உற்றுப்பார்த்து' என்று அழகாய்ச் சொல்லுகிறது.

இருவருடைய பார்வையைக் கவனியுங்கள். நெருப்பண்டையில் உட்கார்ந்திருந்த பேதுருவை ஒரு வேலைக்காரி உற்றுப்பார்த்தாள் (லூக்கா 22:56). அது குற்றம் கண்டுபிடிக்கும் பார்வை. அதே பேதுரு பின்பு அலங்கார வாசலில் இருந்த சப்பாணியை உற்றுப்பார்த்தான் (அப். 3:4). அது தூக்கியெடுக்கும் பார்வை. நாள்தோறும் ஜனங்கள் அந்த வாசலைக் கடந்து போனார்கள். அன்றோ, பேதுருவும் யோவானும் நின்று அவனைப் பார்த்தார்கள், அவன் நடந்தான்.

அன்பானவர்களே, நம் வீடுகளில் எந்தப் பார்வை இருக்கிறது? மதிப்பெண் தாளை உற்றுப்பார்க்கிறோம். பிள்ளையின் வாடிய முகத்தையோ பார்ப்பதில்லை. மனைவி பேசுகையில் நம் கண்கள் கைப்பேசியில் இருக்கின்றன. ஆராதனையில் கைகள் உயர்ந்திருக்க, உள்ளமோ ரயில் நேரத்தைக் கணக்கிடுகிறது. அடுத்த வீட்டாரின் பெயரையும் அறியோம்.

இன்று இரவு குடும்ப ஜெபத்திற்கு முன் கைப்பேசிகளை அப்புறம் வையுங்கள். ஒருவர் பேசட்டும், மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். பின்பு வேதத்தைத் திறவுங்கள். மனிதரை உற்றுக் கேட்கப் பழகிய செவி, கர்த்தருடைய சத்தத்தையும் உற்றுக் கேட்கும்.

சப்பாணியின்மேல் கண்ணோக்கமான தேவன் உங்கள் குடும்பத்தின்மேலும் கண்ணோக்கமாயிருப்பாராக. ஆமென்.