கேமராவுக்கு மழை தெரியும் விதம்

கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே அமைந்திருந்தும் பெங்களூரில் பனி பெய்வதில்லை. வானிலிருந்து விழுவதைப் படமெடுக்க விரும்புவோருக்கு இந்நகரம் அளிப்பவை, ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடியுடன் இறங்கும் கோடை மழையும், சில நாள்களில் அதனோடு சேர்ந்து விழும் ஆலங்கட்டியும், அவற்றையடுத்து வரும் பருவமழையுமே ஆகும். 2024 ஜூன் 2 அன்று ஒரே நாளில் 111 மில்லிமீட்டர் கொட்டித் தீர்த்த மழை, ஜூன் மாத ஒருநாள் மழைக்கு 1891 முதல் நிலைத்திருந்த பதிவை முறியடித்தது. ஆயினும், இத்தகைய பெருமழையின்போது எடுக்கப்படும் படங்களில்கூட நனைந்த சாலையும் விரிந்த குடைகளும் தெரியுமேயன்றி, மழை தெரிவது அரிது.

பனித்துகள் வெண்மையானது, தன்மேல் படும் ஒளியைச் சிதறடிப்பது, நொடிக்கு ஏறத்தாழ 1 மீட்டர் வேகத்தில் மிதந்து இறங்குவது. இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மழைத்துளியோ ஒளி ஊடுருவக்கூடியது என்பதோடு, நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்திலும் விழுகிறது. ஷட்டர், அதாவது கேமராவின் உணரிமீது ஒளி விழ அனுமதிக்கும் கதவு, 1/60 நொடி திறந்திருந்தால், அதற்குள் பனித்துகள் 2 சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்ந்திருக்க, மழைத்துளி 11 சென்டிமீட்டர் கடந்து ஒரு கோடாகிவிடும். 1/500 நொடியில் அக்கோடு 13 மில்லிமீட்டராகச் சுருங்கும்.

கோடு நீண்டால் மழை நன்கு தெரியும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதற்கு நேர்மாறானது. துளியின் பிம்பம் உணரியின் எந்த ஒரு புள்ளியையும் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் துளியின் வேகத்தைப் பொறுத்ததேயன்றி, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்ததன்று. ஆகவே நேரத்தை நீட்டினால் கோடு நீளுமே தவிர அதன் ஒளி கூடாது, பின்னணி மட்டும் தொடர்ந்து ஒளியைச் சேர்த்துக்கொண்டு கோட்டை விழுங்கிவிடும். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த க்ஷிதிஜ் கார்க், ஸ்ரீ நாயர் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, கேமராவின் அமைப்புகளை மாற்றுவதன் மூலமாகவே மழையைப் படத்திலிருந்து மறைக்கவோ மிகுத்துக் காட்டவோ முடியும் என்று நிறுவியது.

இதே தர்க்கம் அப்பர்ச்சருக்கும் பொருந்தும். லென்ஸுக்குள் ஒளி நுழையும் இத்துளையை அகலமாகத் திறந்தால், கூர்மையாகப் பதியும் ஆழம் குறைந்து, குவியத்துக்கு முன்னும் பின்னும் விழும் துளிகள் பரந்து மங்கிக் காணாமற்போகும். எனவே எஃப்/8 அளவில் துளையைச் சுருக்கி, ஷட்டரை 1/250 முதல் 1/500 வரை வைத்து, இவ்விரண்டாலும் இழந்த ஒளியை, உணரியின் உணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. எண்ணை 1600 அல்லது 3200 வரை உயர்த்தி ஈடுசெய்வதே தக்க வழி. அதனால் படத்தில் சிறிது புள்ளியிரைச்சல் ஏறும். மழையே இல்லாத மழைப்படத்தைவிட அது மேல்.

பின்னணித் தேர்வு இவை அனைத்தையும்விட முதன்மையானது. ஒவ்வொரு துளியும் தன்னைச் சூழ்ந்த பரந்த வெளியின் ஒளியைத் தனக்குள் வளைத்துத் திரட்டுவதால், அதன் ஒளியில் பெரும்பங்கு வானத்தினுடையதே. கப்பன் பூங்காவின் தூங்குமூஞ்சி மரங்களின் அடர்நிழலுக்கு எதிரே பளிச்சிடும் அதே மழை, விதான சவுதாவின் வெளிர்நிறக் கல்முகப்புக்கு எதிரே கண்ணுக்கே புலப்படாது. கேமராவின் ஒளிமானி எதிர்ப்படும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதிக் கணக்கிடுவதால், பனிநிலத்தில் ஒளியளவை ஒன்று முதல் இரண்டு படி கூட்டவேண்டியிருக்க, இருண்ட மரங்களுக்கு முன்னே ஒரு படி குறைப்பது நலம். தானியங்கிக் குவியம் அருகில் விழும் துளிகளைத் துரத்தித் தடுமாறக்கூடுமாதலால், அதனை நிறுத்திவிட்டுக் கையால் குவிப்பதே பாதுகாப்பு.

இரவில் தெருவிளக்கொளியில் 1/25 நொடியில் எடுத்த படத்தில், மழைக்கோடு சில வேளைகளில் துண்டு துண்டாக அறுபட்டுத் தோன்றும். இந்தியாவில் மின்சாரம் நொடிக்கு 50 சுற்றுகள் அலைவதால் சில வகை விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்வதே இதற்குக் காரணம். அடுத்தடுத்த இரு துண்டுகளின் தொடக்கங்களுக்கிடையே ஆறரை சென்டிமீட்டர் இருக்குமாயின், அத்துளி விழுந்த வேகம் நொடிக்கு ஆறரை மீட்டர் என்று படத்திலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.