அலைகளால் திறக்கும் கதவு

நுழையும்முன்

பூட்டும் திறவுகோலும் மனிதன் தன் உடைமையைக் காக்கக் கண்ட தொன்மையான கருவிகள். இரும்புப் பற்களால் திறக்கப்பட்ட பூட்டுகள் இன்று கண்ணுக்குப் புலப்படாத அலைகளால் திறக்கப்படுகின்றன. மகிழுந்தின் கதவைத் தொடாமல் திறக்கவும் இயந்திரத்தைத் தொலைவிலிருந்து இயக்கவும் உதவும் நுட்பத்தையும், அதனுடன் வந்த இடர்களையும் இப்பாடம் விளக்குகிறது.

கைப்பிடி முதல் பொத்தான் வரை

தொடக்கக்கால மகிழுந்துகளின் இயந்திரத்தை, முன்புறத்தில் செருகிய இரும்புக் கைப்பிடியைச் சுழற்றி இயக்கினர். அதற்கு உடல்வலிமை வேண்டும். இயந்திரம் எதிர்த்திசையில் உதைத்தால் கையெலும்பு முறியவும் கூடும். அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்தொடக்கி, 1912ஆம் ஆண்டின் காடிலாக் மகிழுந்துகளில் இடம்பெற்று அத்துன்பத்தைப் போக்கியது.

எழுபது ஆண்டுகள் கழித்து, 1982இல், பிரான்சின் ரெனோ நிறுவனம் தனது ஃபியூகோ மகிழுந்தில் அகச்சிவப்புக் கதிரால் கதவைத் திறக்கும் வசதியை அளித்தது. அக்கதிரை இடையிலுள்ள பொருள்கள் எளிதில் மறித்துவிடும். எனவே பின்னாளில் வானொலி அலைகள் அதன் இடத்தைப் பெற்றன. வட அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ் அளவிலும், ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ் அளவிலும் அமைந்த அதிர்வெண்கள் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன.

ஒருமுறைக்கு ஒரு சொல்

கோட்டைக் காவலனிடம் நாள்தோறும் ஒரே அடையாளச் சொல்லைக் கூறினால், மறைந்திருந்து கேட்பவனும் மறுநாள் அதையே கூறி உள்ளே நுழைந்துவிடுவான். முதற்கால மின்னணுச் சாவிகளின் குறை இதுவே. அவை எப்போதும் ஒரே குறியீட்டை அனுப்பியதால், அதைப் பதிவுசெய்து மீண்டும் ஒலிபரப்பியவர்களுக்கும் கதவு திறந்தது.

இதற்குத் தீர்வாக அமைந்தது மாறும் குறியீட்டு முறை. சாவியிலும் வண்டியிலும் ஒரே இரகசிய எண்ணும் ஓர் எண்ணியும் உள்ளன. பொத்தானை அழுத்துந்தோறும் எண்ணி ஒன்று கூடும். அவ்வெண் மறையாக்கம் செய்யப்பட்டு அனுப்பப்படும். முன்பு ஏற்ற எண்ணைவிடப் பெரிய எண் வந்தால் மட்டுமே வண்டி கதவைத் திறக்கும். சட்டைப்பையில் இருக்கும்போது பொத்தான் சிலமுறை தவறுதலாக அழுந்தினாலும் சாவி பயனற்றுப் போவதில்லை. குறிப்பிட்ட எல்லைக்குள் முன்னேறிய எண்களை வண்டி ஏற்றுக்கொள்ளும்.

தொடாத சாவி

அடுத்த கட்டத்தில் பொத்தானை அழுத்தும் தேவையும் நீங்கியது. உரிமையாளர் கைப்பிடியைத் தொட்டதும், ஏறத்தாழ 125 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வண்டி ஒரு வினாவை அனுப்புகிறது. அது ஓரிரு மீட்டர் தொலைவுக்கே எட்டும். பையிலுள்ள சாவி விழித்தெழுந்து, இரகசிய எண்ணைக் கொண்டு விடையைக் கணித்து அனுப்புகிறது. விடை சரியாக இருந்தால் கதவு திறக்கும். சாவி வண்டிக்குள் இருப்பது உறுதியான பிறகே இயந்திரத்தை இயக்கும் பொத்தான் செயற்படும்.

இங்கே ஒரு நுட்பமான பிழை மறைந்துள்ளது. வினா சாவியை எட்டியதால் சாவி அருகில்தான் இருக்கிறது என்று வண்டி முடிவுசெய்கிறது. திருடர் இருவர் இந்த நம்பிக்கையைப் பயன்படுத்துகின்றனர். ஒருவர் வண்டியருகே நின்று வினாவைப் பெற்று அனுப்ப, மற்றவர் வீட்டுவாசலில் நின்று அதை உள்ளிருக்கும் சாவிக்கு எட்டச் செய்கிறார். விடை அதே வழியில் திரும்புகிறது. எந்த மறையீடும் உடைக்கப்படவில்லை. ஆயினும் வண்டி களவு போகிறது. சுவிட்சர்லாந்தின் சூரிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு நிறுவனங்களின் பத்து வகை மகிழுந்துகளை இம்முறையால் திறந்து இயக்கிக் காட்டினர்.

விடை சரியா என்பதோடு, அது வந்துசேர எடுத்த நேரத்தையும் அளப்பதே இதற்கான தீர்வு. வானொலி அலை ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் செல்கிறது. நேரத்தை நுட்பமாக அளந்தால் சாவியின் தொலைவு விளங்கிவிடும். புதிய மகிழுந்துகள் சிலவற்றில் மீஅகலப்பட்டை அலைகள் இப்பணியைச் செய்கின்றன. அசைவின்றிக் கிடக்கும் சாவியை உறங்கச் செய்வதும், அதை உலோகப் பெட்டியில் வைப்பதும் பிற காப்புகள்.

தெரிந்து தெளிவோம்

சாவியின் மின்கலம் தீர்ந்தாலும் கதவைத் திறக்க, பெரும்பாலான மின்னணுச் சாவிகளுக்குள் சிறிய உலோகச் சாவி ஒன்று மறைத்து வைக்கப்பட்டுள்ளது.

தொலைவிலிருந்து இயக்கும்போது

கனடா போன்ற கடுங்குளிர் நாடுகளில், புறப்படுவதற்குச் சில நிமிடங்கள் முன்பே வீட்டுக்குள் இருந்தபடி இயந்திரத்தை இயக்கி, வண்டியை வெதுவெதுப்பாக்குவர். கண்ணாடியில் படிந்த உறைபனியும் இளகும். கதவுகள் பூட்டியிருந்து, பற்சக்கர நெம்புகோல் நிறுத்த நிலையில் இருந்தால்தான் இயந்திரம் இயங்கும். குறித்த நேரத்திற்குள் எவரும் ஓட்டாவிடில் அது தானே நின்றுவிடும்.

எனினும் மூடிய வண்டிக்கூடத்தில் இயந்திரத்தை இயக்குதல் உயிருக்கே கேடாகும். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான ஈர்ப்புடன் அது பிணைகிறது. சாவியைத் திருகி எடுக்கும் பழக்கம் மறைந்ததால், ஓசையின்றி ஓடும் இயந்திரத்தை அணைக்க மறந்து வீட்டுக்குள் சென்று, கசிந்த புகையால் அமெரிக்காவில் பலர் உயிரிழந்தனர். சாவியற்ற வண்டிகளின் இயந்திரம் குறித்த நேரத்திற்குப்பின் தானே அணைய விதி வகுக்குமாறு அந்நாட்டில் 2021இல் சட்டம் இயற்றப்பட்டது.

சாவியைத் திருகிய கை, பூட்டியதையும் அணைத்ததையும் தானே அறிந்திருந்தது. இன்று அப்பொறுப்பின் ஒரு பகுதியைக் கருவியிடம் ஒப்படைத்திருக்கிறோம். கருவி எதை அறியும், எதை அறியாது என்பதை உணர்ந்து பயன்படுத்துவோர்க்கே அதன் வசதி முழுமையாகக் கிட்டும்.

கற்பவை கற்றபின்…

மாறாத குறியீடு, மாறும் குறியீடு ஆகியவற்றின் வேறுபாட்டை, கைப்பேசிக்கு வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லுடன் ஒப்பிட்டு வகுப்பறையில் உரையாடுக.