நியூயார்க்கின் அடிவயிறு: அன்றும் இன்றும்

1916 பிப்ரவரி. நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றுக்கு அடியில் ரயில் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார் மார்ஷல் மேபி. ஆற்று நீர் உள்ளே புகாதபடி அழுத்தக் காற்றை அடைத்துவைத்திருந்தார்கள். மேலே திடீரென்று ஓட்டை விழ, பீறிட்டுக் கிளம்பிய காற்று அவரை ஆற்றுப்படுகைக்குள் உறிஞ்சி, தண்ணீரையும் தாண்டி வெளியே வீசியது. அவர் பிழைத்தார். கூடவே இழுக்கப்பட்ட இருவர் பிழைக்கவில்லை. உடம்பு தேறியதும் மேபி மறுபடி அதே வேலைக்குத்தான் போனார்.

இவர்களை ஊரார் 'சாண்ட்ஹாக்' என்றார்கள். மண்ணைக் கிளறும் பன்றி என்று பொருள். அவர்களோ அந்தப் பெயரையே பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். அந்த வேலையில் இன்னோர் ஆபத்தும் இருந்தது. சோடா பாட்டிலைச் சட்டென்று திறந்தால் பொங்குகிறதல்லவா, அழுத்தக் காற்றிலிருந்து அவசரமாக வெளியே வந்தால் ரத்தமும் அப்படித்தான். நைட்ரஜன் குமிழிட்டு மூட்டுகளை முறுக்கும். ஆளை முடமாக்கும், கொன்றும்விடும்.

ரயிலுக்கு மட்டுமல்ல, தண்ணீருக்கும் தோண்டினார்கள். 1898-இல் புரூக்ளினும் அக்கம்பக்கத்து ஊர்களும் நியூயார்க்கோடு இணைந்தன. அவ்வளவு ஜனங்களுக்குப் பழைய நீராதாரங்கள் போதவில்லை. கேட்ஸ்கில் மலையிலிருந்து நீர் கொண்டுவந்தார்கள். அதை நகரத்துக்குள் பகிர, பாறையை வெடிவைத்துக் குடைந்த முதல் நீர்ச்சுரங்கம் 1917-இல் பயன்பாட்டுக்கு வந்தது. நீளம் சுமார் 29 கிலோமீட்டர். சில இடங்களில் 200 மீட்டருக்கும் கீழே ஓடுகிறது.

சாலைச் சுரங்கத்தில் சிக்கல் வேறு. ஹட்சன் ஆற்றுக்கு அடியில் கார்கள் ஓடினால் புகை எங்கே போகும்? பதில் தேட, மனிதர்களையே மூடிய அறையில் உட்காரவைத்து, எவ்வளவு கார்பன் மோனாக்சைடைத் தாங்குகிறார்கள் என்று அளந்தார்கள். பொறியாளர் ஓலே சிங்ஸ்டாட் ஒரு வழி கண்டார்: சாலைக்குக் கீழிருந்து நல்ல காற்று வரும், கூரை வழியே கெட்ட காற்று போகும். 84 மின்விசிறிகள், ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை காற்று முழுதும் மாறிவிடும். பிற்பாடு எத்தனையோ நாடுகளுக்கு இதுவே வழிகாட்டியானது. தலைமைப் பொறியாளர் கிளிஃபர்ட் ஹாலண்ட், இரு கரைகளிலிருந்தும் தோண்டியவர்கள் சந்திப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, 1924-இல் 41 வயதில் இறந்தார். 1927-இல் திறந்த பாதைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த மரியாதைக்கு அவர் முழுத் தகுதியானவர். ஆனால் மண் தோண்டிச் செத்தவர்கள் பெயரை எத்தனை பேர் அறிவார்கள் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்று ராட்சதத் துளையிடும் இயந்திரம் சுழன்று பாறையை நொறுக்குகிறது. ஆட்கள் அதன் பின்னால் நிற்கிறார்கள். ஆபத்து குறைந்தது உண்மை, அற்றுப்போகவில்லை. 1970-இல் தொடங்கிய மூன்றாவது நீர்ச்சுரங்கம் 20-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்திருக்கிறது. ஒரு பகுதியில் தண்ணீர் ஓடுகிறது. வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

இந்த மூன்றாவது சுரங்கத்தை ஏன் தோண்டினார்கள் என்பதை மறக்கக்கூடாது. முதல் சுரங்கத்தை மூடி, உள்ளே இறங்கிப் பழுதுபார்க்க, ஈடு கொடுக்க வேறொரு வழி வேண்டியிருந்தது. நூறாண்டுக்கும் மேலாக ஓய்வின்றி நீர் சுமக்கும் அந்தச் சுரங்கத்தை இதுவரை முழுமையாக மூடிப் பார்த்ததே இல்லை. மிச்ச வேலையை இனியும் தள்ளிப்போடுவது தகாது.