மழை நாளில் கேக்கும் குரோஷாவும்

ஜீவனஹள்ளி பெங்களூரின் கிழக்குப் பக்கம் இருக்கிறது. காக்ஸ் டவுனை ஒட்டிய பகுதி. இங்கே தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு.

பெங்களூரில் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். மத்தியானமே இருட்டிக்கொண்டு வரும். கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்கு அன்று கூலி இல்லை. துவைத்த துணி காயாது. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருவார்கள். அப்படிப்பட்ட நாளில் கேக் செய்யலாம். குரோஷா பின்னலாம். இரண்டுமே மனசுக்கு இதமான வேலைகள்.

இந்தப் பக்கத்து மக்களுக்குக் கேக் புதிதல்ல. அருகில் பிரிட்டிஷ் ராணுவத்தின் தண்டு இருந்தது. வெள்ளைக்காரர்களுக்கு ரொட்டி வேண்டியிருந்தது. பேக்கரிகள் வந்தன. பிரேசர் டவுன் மசூதி சாலையில் ஆல்பர்ட் பேக்கரி 1902இல் தொடங்கியது.

"எங்கள் வீட்டில் ஓவன் இல்லையே" என்பீர்கள். வேண்டாம். கனமான பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்று போதும். அதன் அடியில் ஒரு விரல் உயரத்துக்கு உப்பைப் பரப்புங்கள். நடுவில் ஒரு வளையத்தை வையுங்கள். மூடிவிட்டு 10 நிமிடம் சூடாக்குங்கள்.

1 கப் கெட்டித் தயிரில் முக்கால் கப் சர்க்கரையைக் கரையுங்கள். அதில் ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் சமையல் சோடா போடுங்கள். சிறிது நேரத்தில் நுரை பொங்கும். ஏன்? தயிரின் புளிப்பு சோடாவோடு சேர்ந்து காற்றை உண்டாக்குகிறது. அந்தக் காற்றுதான் கேக்கை உப்பச் செய்கிறது. பிறகு அரை கப் எண்ணெய், ஒன்றரை கப் சலித்த மைதா சேர்த்துக் கலக்குங்கள். மாவை ஊற வைக்காதீர்கள். காற்று போய்விடும். எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றி, வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். சிறு தீயில் முக்கால் மணி நேரம் ஆகலாம். ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள். மாவு ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது.

மழை என்று ஜன்னலைச் சாத்தாதீர்கள். அடுப்பு எரியும்போது ஒரு ஜன்னலாவது திறந்திருக்க வேண்டும்.

கேக் வேகும் நேரத்தில் குரோஷாவை எடுக்கலாம். இதற்கு ஒரே ஊசி. அதன் நுனியில் சிறு கொக்கி. நூலில் ஒரு கண்ணி போட்டு, அதற்குள் கொக்கியால் அடுத்த கண்ணியை இழுக்க வேண்டும். இப்படியே போனால் சங்கிலி வரும். எல்லாம் அந்தச் சங்கிலியின் மேல்தான். ஈரத்தில் இரும்பு ஊசி துருப்பிடிக்கும். துடைத்து வையுங்கள்.

சின்ன ஊசிதான். ஆனால் பஞ்ச காலத்தில் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. 1845இல் அயர்லாந்து நாட்டில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. பசி, பட்டினி. கன்னியர் மடங்கள் பெண்களுக்குக் குரோஷா கற்றுக்கொடுத்தன. அவர்கள் லேஸ் பின்னி விற்றார்கள்.

நம் நாட்டில் ஆந்திராவின் நரசாபூர் இதற்குப் பேர்போனது. அந்த ஊர் லேஸுக்கு 2024இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் பின்னிய பெண்களுக்கு என்ன கிடைத்தது? மரியா மீஸ் என்ற ஜெர்மன் ஆய்வாளர் அங்கே போய்ப் பார்த்தார். 1982இல் புத்தகம் எழுதினார். அந்தப் பெண்கள் வீட்டு வேலைக்கு நடுவே மணிக்கணக்கில் பின்னினார்கள். நாள் கூலி ஒரு ரூபாய்கூடத் தேறவில்லை. லேஸோ வெளிநாடு போனது. "வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்கிறார்கள்" என்ற எண்ணம்தான் கூலியைக் குறைத்தது என்றார் அவர். அவர்கள் ஒருவர்கூடச் சும்மா இருக்கவில்லை!

இன்றும் குரோஷாவைக் கையால்தான் பின்னுகிறார்கள். மிக மலிவாக விற்றால், பின்னிய கைக்குக் கூலி குறைந்திருக்கும்.

ஆகவே விற்பதற்காகப் பின்னினால் ஒரு நோட்டில் கணக்கு எழுதுங்கள். உதாரணமாக, ஒரு மேசை விரிப்புக்கு நூல் 40 ரூபாய். பின்ன 10 மணி நேரம். வியாபாரி தருவது 150 ரூபாய். நூல் விலை போக மிச்சம் 110 ரூபாய். ஒரு மணி நேரத்துக்கு 11 ரூபாய். இதற்கு ஒத்துக்கொள்வீர்களா? கணக்கைக் காட்டி விலை கேளுங்கள். பக்கத்து வீட்டு அக்காவும் அதே விலை கேட்கட்டும். கேக் விற்றாலும் இதே கணக்குதான். கேஸ் செலவையும் சேருங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் செய்ய வேண்டும்.

நம் வீட்டுப் பிள்ளைக்குத் தொப்பி பின்னும்போது இந்தக் கணக்கு வேண்டாம். முதலில் தலையை நூலால் சுற்றி அளந்துகொள்ளுங்கள். நடுநடுவே தலையில் வைத்துப் பாருங்கள். பெரிதாகிவிட்டால் கவலையில்லை. நூல் முனையை இழுத்தால் கடகடவென்று பிரிந்துவிடும். அதே நூலில் மறுபடியும் தொடங்கலாம்.